இடது பக்கத்து எஞ்சின் கவர்

உங்கள் புல்லட் ஆயில் ஒழுகுகிறது, சார். ஸ்டேஷனுக்குள் வரும்போதே பார்த்தேன். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள், இடது ஃபுட்ரெஸ்டுக்கு நேர் கீழே மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். என்றைக்கோ ஸ்டாண்டு ஈர மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்திருக்கும், கவரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, டவுனுக்குள் தாராளமாக ஓட்டலாம். மலைப்பாதைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். சரிதான், இந்தப் புத்திமதியை நான் சொல்லக் கூடாதுதான்.

ரைட்டர் கங்கையா காரு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார், ஆரம்பித்துவிடுகிறேன். நான் தமிழில் சொல்கிறேன், அவர் தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும். வண்டிச் சாமான்களுக்கு இரண்டு பாஷையிலும் இங்கிலீஷ் பேர்தான், ஆகையால் முக்கியமான இடங்களில் தப்பு வராது. மாஜிஸ்திரேட் முன்னால் இதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும் என்றீர்கள். சொல்கிறேன். எனக்கு ஒன்றும் சிரமமில்லை, ஷெட்டு எப்படியும் பூட்டித்தான் கிடக்கிறது.

என் பேர் தேவானந்தம். கிரீம்ஸ்பேட்டையில் மோட்டார் சைக்கிள் ஷெட்டு வைத்திருக்கிறேன். ஷெட்டை ஒட்டியே பின்னால் வீடு, நானும் என் மனைவி லோயிஸும். பிள்ளைகள் இல்லை. சித்தூரில் பொறுமையான மெக்கானிக் யார் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் ஷெட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். வண்டி சொன்ன நேரத்துக்குத் தயாராகவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் கத்துவார்கள், நான் பதிலுக்கு ஒரு வார்த்தை கத்தியதில்லை. ரொம்பக் கோபம் வந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் மனசு லேசாகிவிடும், சிரித்த முகத்தோடு திரும்பி வருவேன். எல்லோரும் அப்படிச் செய்தால் உங்கள் ஸ்டேஷனில் பாதி வேலை குறைந்துவிடும்.

இனி தியோடர் வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், எங்கள் சபைக்குச் செயலாளர். முன்பு இங்கே இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது தன் புல்லட்டைச் சபைக்கே விட்டுப்போனார். கார்வேட்டிநகரம், புத்தூர் பக்கத்துக் கிராமத்துச் சபைகளை எல்லாம் போய்ப் பார்த்து வருவதற்காக அந்த வண்டியைக் கமிட்டி வாத்தியாரிடம் கொடுத்தது. அவர் உடம்புக்கும் அந்த வண்டிக்கும் பொருத்தமே இல்லை, சார். ஒல்லியான மனிதர். வண்டிதான் அவரை ஓட்டிக்கொண்டு போகிறது என்று நாங்கள் கேலி செய்வோம், அவரும் சேர்ந்து சிரிப்பார். வண்டியை வைத்து ஓட்டியவர் அவர், உயிரோடு வைத்திருந்தவன் நான். நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் இந்துக்கள், அதனால் எங்கள் புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கூடுவோம். இரண்டு மூன்று பாட்டு, ஒரு சின்னப் பிரசங்கம், அப்புறம் விண்ணப்ப நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்லலாம். ஒருவர் மகன் பரீட்சைக்கு என்பார், ஒருவர் டிரான்ஸ்பருக்கு என்பார், சினைமாட்டுக்குக்கூடக் கேட்பார்கள். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம், கூட்டம் நடத்துகிறவர் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி உரக்க ஜெபிப்பார். கடைசியில் எல்லோரும் ஆமென் சொல்வோம், காபி, பன் வரும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜெபம் நடக்கும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. ஜெபத்தில் உங்களைப் பற்றி ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால், அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் எழுந்து நிற்க முடியாது. ஆமென் சொல்லிவிட்டுக் காபி குடிக்க வேண்டியதுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை வாத்தியார் இப்படி ஜெபித்தார்: "ஆண்டவரே, எங்கள் சகோதரன் தேவானந்தத்தின் கைகளை உம்முடைய கைக்குள் வைத்துக்கொள்ளும். அந்தக் கைகளிலிருந்து கோபத்தை எடுத்துப்போடும். அவன் வீட்டில் பயமில்லாமல் சோறு ஆக்கவும் பயமில்லாமல் தூங்கவும் கிருபை செய்யும்."

வீடு நிறைய ஜனம். எல்லோரும் ஆமென் என்றார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்ன மாதிரி இருந்தது.

காரணம் இதுதான். அந்த வாரம் லோயிஸுக்கு ஒரு கண் வீங்கியிருந்தது. என் மனைவி வழுக்கி விழுகிற சுபாவம் உள்ளவள், சார். எங்கள் வீட்டுத் தரை கடப்பைக்கல். வீட்டுச் சொந்தக்காரர் அழகுக்காகப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார், சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், கால் நிற்காது. இவளுக்கும் பார்த்து நடக்கத் தெரியாது. விழுவாள், எழுந்திருப்பாள், நான்தான் தூக்கிவிடுவேன். அதை வாத்தியார் எப்படியோ கோணலாகப் புரிந்துகொண்டுவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய் அவரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"வாத்தியாரே, இன்னாத்துக்கு என் பேர ஜெபத்துல இழுத்தீங்க?"

"தம்பி, உன்னப் பத்தி மனுசங்ககிட்ட பேசினா அது கோளு. ஆண்டவர்கிட்டதான சொன்னேன்."

"கேட்டுக்கினு இருந்தது பூரா மனுசங்கதானே?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காத தேவானந்தம். நீ சரியாவற வரைக்கும் நான் ஜெபம் பண்ணிக்கினுதான் இருப்பேன்," என்றார்.

சொன்ன சொல் தவறாத மனிதர். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் என் கைகள் ஆண்டவரிடம் போய் வந்தன. நான் போகாவிட்டால் ஓடி ஒளிந்தேன் என்று ஆகிவிடும், அதனால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கூட்டம் முடிந்து காபித் தம்ளரை வாங்கும்போது எல்லோர் கண்ணும் என் விரல்களைப் பார்க்கும். முன்பெல்லாம் சபைக் கோயில் முற்றத்தில் என்னிடம் நின்று பேசுகிற பெண்கள் லோயிஸை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, சார். வெளிப்படையாகவே சொல்கிறேன், வயிறு எரிந்தது. செய்யாத குற்றத்துக்கு வாராவாரம் தண்டனை வாங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வேலூர் போய்விட்டு வந்தேன். வீட்டு முற்றத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சபை புல்லட் நிற்கிறது. உள்ளே வாத்தியாரும் அவர் மனைவி கிருபாவதி அக்காவும் லோயிஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வாத்தியார் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒளிச்சி மறைச்சிப் பேச எனக்குத் தெரியாது. மதனப்பள்ளில ஒரு பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆளு கேட்டுக்கினு இருக்காங்க. லோயிஸு கொஞ்ச காலம் அங்க போய் இருக்கட்டும். வெள்ளிக்கெழம நான் நேர்ல போய்ப் பேசி முடிச்சிட்டு வந்துர்றேன்."

"அவ இன்னா சொல்றா?" என்று கேட்டேன்.

லோயிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் போறேன்," என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. சபை முழுக்க என்ன பேசும் என்று நினைத்துப் பாருங்கள். இதுவரை ஜெபத்தில் மட்டும் இருந்த விஷயம், அவள் பஸ் ஏறிவிட்டால் நிஜமாகிவிடும். வாத்தியார் சொன்னது உண்மை என்று ஊரே முடிவு கட்டிவிடும். ஆனாலும் நான் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் நின்றேன்.

என் சிரிப்பைப் பார்த்து வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, அவசரமாகக் கிளம்பினார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது பாரம் தாங்கவில்லை. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து துவைக்கிற கல்லின் விளிம்பில் விழுந்தது. தூக்கிப் பார்த்தால் கிளட்ச் பக்கத்து கவர் வெடித்திருந்தது. ஃபுட்ரெஸ்டுக்குக் கீழே தொடங்கி விரல் நீளத்துக்கு ஓடுகிறது விரிசல், ஆயில் கசிகிறது.

"விடுங்க வாத்தியாரே, நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள ரெடி ஆயிரும்," என்றேன். "கூலியெல்லாம் வாணாம்."

அவர் கண் கலங்கிவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டார். கிருபாவதி அக்கா மட்டும் லோயிஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டியதும் நான் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினேன், ஸ்பானரை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். கொஞ்ச நேரத்தில் மனசு லேசாகித் திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். லோயிஸ் அன்றைக்கும் வழுக்கி விழுந்தாள். ஞாபகம் வந்ததால் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது உங்களுக்கே உபயோகப்படும், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய புல்லட்டில் அந்த கவரைக் கழற்றுவது சுலபம். ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டு நடுவில் உள்ள ஒரே நட்டைக் கழற்றினால் கவர் கையோடு வந்துவிடும். முதலில் மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம் சூடு காட்ட வேண்டும், ஏனென்றால் அலுமினியம் வருஷக்கணக்காக எண்ணெய் குடித்திருக்கும், அது வெளியே வராமல் வெல்டிங் பிடிக்காது. விரிசலின் இரண்டு முனையிலும் ஊசித்துளை போட வேண்டும். இதைத்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள். துளை போட்டால் விரிசல் அங்கேயே நிற்கும், போடாவிட்டால் மேலே எவ்வளவு பூசினாலும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அரத்தால் பள்ளம் எடுத்து, வெல்டிங் வைத்து, தேய்த்து, கண்ணாடி மேல் கவரைக் கவிழ்த்து வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் செய்தால் இடம் தெரியாது. தடவிப் பார்த்தாலும் விரலுக்குப் பிடிபடாது.

அப்படித்தான் செய்ய இருந்தேன். அன்று சாயங்காலமே கழுவினேன், பள்ளம் எடுத்தேன். மறுநாள் காலையில் துளை போட டிரில்லைக் கையில் எடுத்தபோது முற்றத்தில் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கூடவே பாட்டும். லோயிஸ் பாடிக்கொண்டே துவைக்கிறாள். கோயிலில் ஊரே பாடும்போதுகூட வாயைத் திறக்காதவள். ஒரு கையால்தான் அடித்துத் துவைக்கிறாள், இன்னொரு கை வலிக்கிறதாம், ஆனாலும் பாட்டு. மதனப்பள்ளிக்குப் போகப்போகிற சந்தோஷம்.

நான் டிரில்லைக் கீழே வைத்தேன். முற்றத்துக்குப் போய்த் துவைக்கிற கல்லின் மேலிருந்த நீலச் சோப்பை எடுத்து ஒரு மூலையைக் கத்தியால் வெட்டிக்கொண்டேன்.

புத்தூர் ரோட்டில் லாரி ஓட்டுகிற எவரையும் கேளுங்கள், சோப்பு வைத்தியம் தெரியும். வழியில் பெட்ரோல் டேங்க் ஓட்டையானால் துணி சோப்பைப் பிசைந்து அடைப்பார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது, ஊர் போய்ச் சேருகிறவரை தாங்கும். எஞ்சின் கவரில் அப்படி யாரும் வைப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில் என்று ஓட்டினால் ஒரு சொட்டு ஒழுகாது. நெடுந்தூரம் ஓட்டி மலை ஏறினால் எஞ்சின் கொதிக்கும், சோப்பு இளகும். துளை போடாத விரிசல் அதிர்ச்சியில் நீளும். ஆயில் காற்றில் பின்னால் அடித்துக்கொண்டு போய்ப் பின் டயரில் படும். பின் பிரேக்கும் அதே இடது பக்கம்தான். உள்ளும் புறமும் சோப்பை அழுத்தி, இழைத்து, மேலே வெள்ளி பெயிண்ட் அடித்தேன். அழகாக வந்தது. என் கைவேலை எதுவும் அழகாகத்தான் வரும்.

"சோப்ப யாரு வெட்னது?" என்று லோயிஸ் கேட்டாள்.

"எலி."

"எலி இம்மாம் நேரா வெட்டுமா?"

நான் ஷெட்டுக்குள் போய்விட்டேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை, அப்போது.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் வாத்தியார் என் கைகளுக்காக ஜெபிக்கவில்லை. சாட்சி சொன்னார், அதாவது ஆண்டவர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னார். தேவானந்தத்தின் மனசை ஆண்டவர் தொட்டுவிட்டார், கோபப்பட வேண்டிய நேரத்தில் கோபப்படாமல் இந்தக் கைகளாலேயே என் வண்டியைச் சரிசெய்து கொடுத்தார், ஜெபம் வீண்போகவில்லை என்றார். எல்லோரும் ஒரு பாட்டுப் பாடினார்கள். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, சார், இல்லை என்று சொன்னால் பொய். மறுநாள் பூராவும் நேரம் இருந்தது. வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கலாம். யோசித்தும் பார்த்தேன். ஆனால் வெல்டிங் வைத்தால் வாத்தியார் மதனப்பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் மதனப்பள்ளிக்குக் கிளம்பிய வாத்தியார் ஷெட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "மொகிலி மலை ஏறிருமா தம்பி?" என்று கேட்டார்.

"ஏறிரும் வாத்தியாரே," என்றேன். ஏறவும் செய்தது. நான் அவரிடம் பொய் சொல்லவில்லை.

மதனப்பள்ளியில் ஹாஸ்டல் வாசலில் ஆயில் சொட்டியிருக்கிறது. அங்கே இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்களாம். வாத்தியார் துணியால் துடைத்துவிட்டு, "ஊருக்குப் போனா நம்ம தேவானந்தம் பாத்துக்குவாரு," என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 

திரும்பி வரும்போது மொகிலி இறக்கத்தில், ஒரு இடது வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கிறார். பின் சக்கரம் நிற்கவில்லை, பிரேக்கும் பிடிக்கவில்லை. பின்னால் லாரியில் வந்த எங்கள் ஊர் முனியப்பன்தான் பாறைகளுக்கு நடுவில் அவரைப் பார்த்தது. அப்போதே உயிர் இல்லை. வயசானவர், பழைய வண்டி, இறக்கத்தில் வேகம் என்று அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டார்கள். அவர் தோள்பையில் இரண்டு வெள்ளைச் சேலை இருந்தது. ஹாஸ்டலில் சமையல் செய்கிறவர்கள் உடுத்துகிற சேலை. லோயிஸுக்காக வாங்கி வந்திருக்கிறார், அப்படியென்றால் வேலை முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அழுதேன், சார். நிஜமாகவே அழுதேன். அப்படி ஒரு மனிதர் இனி எங்கள் சபைக்குக் கிடைக்கப் போவதில்லை.

இவ்வளவோடு முடிந்திருக்கும். முனியப்பன்தான் நல்லது செய்கிறேன் என்று அந்த உடைந்த புல்லட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வண்டியை வேறு எங்கே கொண்டுபோவான்? நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். லோயிஸ் வண்டியில் அப்பியிருந்த மண்ணையும் மற்றதையும் பார்த்திருக்கிறாள். அப்படியே விட மனசு வரவில்லை போலிருக்கிறது. வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றித் துணியால் தேய்த்திருக்கிறாள்.

நான் வந்தபோது அவள் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கவரில் பெயிண்ட் உரிந்து விரிசல் வாய் பிளந்திருந்தது. உருகியது போகப் பள்ளத்தின் அடியில் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்திருக்கும். அதிலிருந்து நுரை வந்துகொண்டிருந்தது. நீலமாக, சின்னச் சின்னக் குமிழாக, துவைக்கிற கல்லின் மேல் வழிகிறதே அதே மாதிரி. தினமும் அந்தச் சோப்பைப் போட்டுத் துவைக்கிறவளுக்கு வாசனை தெரியாதா? அவள் நுரையைப் பார்த்தாள், கல்லின் மேலிருந்த சோப்பைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.  அன்று சாயங்காலம் சமையற்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இனிமேலாவது பார்த்து நட, வெளியில் போய் எதையும் உளறாதே என்று சொல்லிக் கட்டுப்போடக் கூட்டிக்கொண்டு போனேன்.

நேற்றுப் புதன்கிழமை. கூட்டம் வாத்தியார் வீட்டில், கிருபாவதி அக்காவே நடத்தினார்கள். விண்ணப்ப நேரம் வந்தது. ஆளாளுக்கு எழுந்து அக்காவின் ஆறுதலுக்காக என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு லோயிஸ் எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து பேசியதே இல்லை. கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு நின்றாள்.

"எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்குது. அண்ணன் வண்டில, கவர் ஒடஞ்ச எடத்துல, எங்க வூட்டு சோப்பு இருந்துச்சி. தண்ணி ஊத்தனேன், நொர வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு வெச்சது. அதுக்காக ஜெபம் பண்ணுங்க. என் கைக்கு வாணாம். அது தன்னால சரியாப் போவும்."

 கிருபாவதி அக்கா ரொம்ப நேரம் லோயிஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கண்ணை மூடி, "ஆண்டவரே, இவ சொன்னத நீர் கேட்டீர். நாங்களும் கேட்டோம்," என்றார்கள். அவ்வளவுதான் ஜெபம். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழக்கதோஷம், நானும் சொல்லிவிட்டேன்.

ஜெபத்தில் வந்துவிட்ட பிறகு என்ன எதிர்வாதம் செய்ய முடியும்? ஒருவரும் என்னைத் திட்டவில்லை, தொடவில்லை. இரண்டு பேர் வாசலில் போய் நின்றார்கள், ஒருவர் உங்களைக் கூப்பிட வந்தார். உங்கள் கான்ஸ்டபிள் வருகிற வரைக்கும் கிருபாவதி அக்கா எனக்குக் காபி கொடுத்தார்கள். ஒரு பன்னையும் தட்டில் வைத்து, "துன்னு தம்பி. ஸ்டேஷன்ல எப்ப குடுப்பாங்களோ," என்றார்கள். காபி கொஞ்சம் தட்டில் சிந்தியது. நான் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பன்னைத் தின்றேன். அந்த அம்மாள் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே கங்கையா காரு, தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தியோடர் வாத்தியாரை நான்தான் கொன்றேன். தெரியாமல் செய்த தவறில்லை, வேலை தெரியாமலும் இல்லை. சோப்பு எங்கே இளகும் என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தேன். இதில் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன், எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் இதுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் சார் கொஞ்சம் முன்பு கேட்டாரே, மனைவியை அடிப்பேனா என்று, அது உங்கள் காகிதத்தில் இருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். கொலைகாரன் என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். கோபக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பழியைத் துடைக்கத்தானே இத்தனையும் செய்தேன்.

இன்னும் ஒன்று. காலையில் இந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பஸ் ஸ்டாண்டு நன்றாகத் தெரிகிறது. மதனப்பள்ளி பஸ் நின்றிருந்தது. லோயிஸ் வந்தாள், கூடக் கிருபாவதி அக்கா. லோயிஸ் அந்த வெள்ளைச் சேலையில் ஒன்றைக் கட்டியிருந்தாள். ராத்திரி மழை பெய்து இடமெல்லாம் சகதி. ஒரு கை தூளியில், இன்னொரு கையில் துணி மூட்டை, அவளுக்குப் பிடித்துக்கொள்ளக் கையே இல்லை. விழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், என்னையறியாமல் எழுந்துகூட நின்றுவிட்டேன். அவள் சகதியைத் தாண்டி, உயரமான அந்தப் படியில் கால் வைத்து, கொஞ்சமும் தடுமாறாமல் ஏறி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது, சார். குறை அவள் நடையில் இல்லை, எங்கள் வீட்டுத் தரையில்தான். விடுதலையாகி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கடப்பைக்கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, மதனப்பள்ளிக்குப் போய் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.